நடுவர் பாரபட்சம்: தேட வேண்டிய இடத்தில் தேடுகிறோமா?

எல்லைக்கோடு எழுதியது:

பெரிய கால்பந்து ஆட்டம் எது முடிந்தாலும் இங்கே முதல் பத்துப் பதிவுகளுக்குள் "ரெஃப்ரி விலை போயிட்டான்" என்று ஒன்று வந்துவிடுகிறது. தோற்ற அணியின் ரசிகர் எழுதுவார், ஜெயித்த அணியின் ரசிகர் மறுப்பார். அடுத்த வாரம் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் கதைதான். இந்தச் சண்டையில் உண்மையான விஷயம் அடிபட்டுப் போகிறது என்ற ஆதங்கத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நடுவர்களிடம் பாரபட்சம் உண்டு. அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது அந்த நடுவருக்கே தெரியாமல் நடக்கிறது.

2002ல் நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்று மூவர் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. தகுதி பெற்ற 40 நடுவர்களை உட்காரவைத்து, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அதிலிருந்து 47 மோதல்கள். ஒவ்வொன்றுக்கும் "ஃபவுலா, இல்லையா, யாருடைய ஃபவுல்" என்று சொல்ல வேண்டும். ஒரு குழு கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தது, இன்னொரு குழு சத்தமே இல்லாமல் பார்த்தது. இரைச்சல் கேட்ட குழு லிவர்பூலுக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. லெஸ்டரை அதிகமாகத் தண்டித்தார்கள் என்பதைவிட, லிவர்பூலைத் தண்டிக்கத் தயங்கினார்கள் என்பதுதான் சரி.

இங்கே பணம் கொடுக்க ஆளில்லை. மிரட்டவும் ஆளில்லை. அவர்கள் மைதானத்திலேயே இல்லை, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் சத்தம் மட்டுமே வேலை செய்தது.

இன்னொன்று ஸ்பெயின் லீக்கைப் பற்றியது. கரிகானோவும் இன்னும் இருவரும் 2005ல் வெளியிட்டார்கள். சொந்த மைதானத்து அணி ஒரு கோலில் பின்தங்கியிருந்தால் நடுவர் கொடுக்கும் இஞ்சுரி டைம் (வீணான நேரத்துக்கு ஈடாகக் கடைசியில் சேர்ப்பது), அதே அணி ஒரு கோலில் முந்தியிருக்கும்போது கொடுப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆட்டம் ஒருதலைப்பட்சமாக முடிந்துபோயிருந்தால் இந்த வித்தியாசம் இல்லை. யாருக்காவது பயன்படும் என்ற நிலை இருக்கும்போதுதான் கடிகாரம் வளைகிறது.

நாம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

வடக்குமேடை எழுதியது:

ஆய்வெல்லாம் சரி நண்பரே. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால் விலை போன நடுவர் என்று ஒருவருமே இல்லாததுபோல இருக்கிறது.

ராபர்ட் ஹோய்சரை மறந்துவிட்டீர்களா? 2004 ஆகஸ்டில் ஜெர்மன் கோப்பை ஆட்டம். மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய பாடர்போர்ன், முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் ஆடிய ஹாம்பர்க்கை எதிர்த்து ஆடியது. ஹாம்பர்க் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அப்புறம் பாடர்போர்னுக்கு இரண்டு பெனால்டி, ஹாம்பர்க்கின் எமில் எம்பென்சாவுக்கு சிவப்பு அட்டை, முடிவு 4-2. சூதாட்டக் கும்பலிடம் பணம் வாங்கியதை ஹோய்சரே ஒப்புக்கொண்டார். சிறைத் தண்டனை கிடைத்தது.

2006ல் இத்தாலியில் கால்சியோபொலி என்ற நடுவர் ஊழல். யுவென்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து இரண்டாம் நிலை லீக்கான சீரி பி-க்கு இறக்கப்பட்டது. மிலன், லாசியோ, ஃபியோரன்டினா எல்லோருக்கும் புள்ளிகள் வெட்டு.

2016 நவம்பரில் தென்னாப்பிரிக்கா - செனகல் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று. பந்து செனகல் வீரர் கூலிபாலியின் முழங்காலில் படுகிறது, கானா நாட்டு நடுவர் ஜோசஃப் லாம்ப்டி ஹேண்ட்பால் என்று பெனால்டி கொடுக்கிறார். ஃபிஃபா அவருக்கு ஆயுள் தடை விதித்தது. ஆட்டத்தையே அடுத்த ஆண்டு மறுபடி நடத்தினார்கள், செனகல் ஜெயித்து உலகக்கோப்பைக்குப் போனது.

இதெல்லாம் பிடிபட்டவை. பிடிபடாதவை எத்தனை? ரசிகன் சந்தேகப்படுவதில் என்ன தப்பு? காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, வாரம் முழுக்கக் காத்திருந்து பார்க்கிறவனுக்குச் சந்தேகப்பட உரிமை உண்டு.

எல்லைக்கோடு எழுதியது:

உரிமை உண்டு. விலை போனவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று பாருங்கள், அதில் விஷயம் இருக்கிறது. ஹோய்சர் மீது புகார் கொடுத்தது சக நடுவர்கள். லாம்ப்டி விஷயத்தில் பந்தயச் சந்தையில் பணம் வழக்கத்துக்கு மாறாகப் போனது காட்டிக்கொடுத்தது. விலைக்கு வாங்கிய தீர்ப்பு எங்காவது ஒரு தடத்தை விட்டுச் செல்லும்: பணம், போன், பந்தயம். சத்தத்துக்கு இளகும் தீர்ப்புக்குத் தடமே கிடையாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கால்சியோபொலியைச் சரியான நேரத்தில் எடுத்தீர்கள். அந்த வழக்கின் நடுவில் இருந்தது பணப்பெட்டி அல்ல. யுவென்டஸின் லூசியானோ மோஜி, நடுவர்களை நியமிக்கும் பொறுப்பில் இருந்த பெர்காமோ, பைரெட்டோ ஆகியோரோடு பேசிய போன் உரையாடல்கள்தான். எந்த ஆட்டத்துக்கு யார் நடுவர் என்பதை ஒரு கிளப்பின் ஆள் பேசித் தீர்க்க முடிகிறது என்றால், அதற்கப்புறம் மைதானத்தில் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. தன் எதிர்காலம் யார் கையில் என்று நடுவருக்கே தெரியும்.

எண்ணிப்பார் எழுதியது:

புள்ளிவிவரம் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோதனைச்சாலையில் சத்தம் வேலை செய்கிறது, சரி. நிஜ மைதானத்தில்? கூட்டம் இல்லாமல் ஆட்டம் நடந்தால்தானே ஒப்பிட முடியும். முதல் வாய்ப்பு இத்தாலியில் வந்தது. 2007 பிப்ரவரியில் கட்டானியாவில் நடந்த கலவரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி உயிரிழந்தார். அதன் பிறகு பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாத மைதானங்களில் ரசிகர்களை விடாமல் ஆட்டம் நடந்தது. பெட்டர்சன்-லிட்போம், பிரிக்ஸ் என்ற இருவர் அந்த ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். அதே நடுவர்கள், வெற்று மைதானம். சொந்த அணிக்குக் கிடைக்கும் சலுகை குறைந்திருந்தது.

அப்புறம் கோவிட். 2020 மே 16 அன்று பண்டஸ்லிகா காலி மைதானங்களில் மீண்டும் தொடங்கியது, மற்ற லீக்குகளும் தொடர்ந்தன. பல நாடுகளின் தரவைச் சேர்த்து பிரைசனும் குழுவினரும் பார்த்ததில், வெளியிலிருந்து வந்த அணிக்குக் கிடைக்கும் மஞ்சள் அட்டைகள் ஆட்டத்துக்கு ஒரு அட்டையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதாவது சுமார் மூன்று ஆட்டத்துக்கு ஒரு அட்டை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு சீசன் முழுக்க, எல்லா அணிகளுக்கும், எல்லா வெளி ஆட்டங்களிலும் என்று பெருக்கிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தோமன் 2008ல் வெளியிட்ட ஜெர்மன் ஆய்வு. அங்கே சில மைதானங்களில் ரசிகர் மேடைக்கும் புல்தரைக்கும் நடுவில் தடகள ஓடுபாதை உண்டு, சிலவற்றில் மேடை கோட்டை ஒட்டியே இருக்கும். ஓடுபாதை இருக்கும் இடத்தில் சொந்த அணிக்கான சலுகை குறைவு. சில மீட்டர் தூரம் போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். காலி மைதானத்தில் வீரர்களும் மாறி ஆடியிருப்பார்கள். வந்த அணி பதற்றம் இல்லாமல் ஆடியிருந்தால் ஃபவுலே குறைந்திருக்கும். ஆகவே அந்த அட்டைக் கணக்கு முழுவதையும் நடுவர் தலையில் எழுத முடியாது. முதல் பதிவில் வந்த வீடியோ சோதனை இந்த இடத்தில்தான் முக்கியம். அங்கே வீரர்கள் மாறவே இல்லை, எல்லோரும் பார்த்தது அதே 47 மோதல்கள்.

நள்ளிரவு_ரசிகன் எழுதியது:

சத்தம்தான் காரணம் என்றால் 2009 மே 6 எப்படி நடந்தது? செல்சியின் சொந்த மைதானம் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ். செல்சி - பார்சிலோனா, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. மைதானம் முழுக்க நீலம். சத்தம் முழுக்க செல்சியின் சத்தம். ஆனால் நார்வே நடுவர் ஓவ்ரெபோ செல்சிக்கு ஒரு பெனால்டிகூடக் கொடுக்கவில்லை. பார்சிலோனாவின் பிக்கே கையில் பந்து, கடைசியில் எட்டோ மேல் பந்து, செல்சியின் பல்லாக் நடுவர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியது, எல்லாம் இன்னும் கண்முன்னே நிற்கிறது. 93வது நிமிடம் பார்சிலோனாவின் இனியெஸ்டா கோல். முடிந்தது.

அன்று செல்சிக்கு நடந்தது அநியாயம். இதை எந்த ஆய்வாலும் எனக்கு மாற்றிச் சொல்ல முடியாது.

எல்லைக்கோடு எழுதியது:

மாற்றிச் சொல்லப் போவதில்லை. அன்று தவறுகள் நடந்ததை ஓவ்ரெபோவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் அதே ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் பாதியில் பார்சிலோனாவின் அபிடாலுக்குச் சிவப்பு அட்டை. செல்சியின் அனெல்கா விழுந்தார், அபிடால் கால் பட்டதா என்பதே சந்தேகம். பார்சிலோனா மிச்ச நேரம் பத்துப் பேரோடு ஆடியது. முதல் ஆட்டம் 0-0, இது 1-1 என்பதால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி என்ற அப்போதைய வெளி கோல் விதிப்படி பார்சிலோனா இறுதிக்குப் போனது, அதனால் அந்தச் சிவப்பு அட்டை யாருக்கும் நினைவில் இல்லை.

நடுவர்கள் பெனால்டி கொடுக்கும் வரிசையைப் பற்றி பிளெஸ்னர், பெட்ச் என்ற இருவர் 2001ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்துவிட்டால், அதே அணிக்கு இரண்டாவது கொடுக்கும் வாய்ப்பு குறைகிறது. எதிரணிக்குக் கொடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: "இவர்களுக்கு ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது." நியாயமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமே அடுத்த தீர்ப்பைக் கெடுக்கிறது. ஓவ்ரெபோ மனதில் அன்று இது ஓடியது என்று நான் சொல்ல மாட்டேன், யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "பார்சிலோனாவை ஜெயிக்க வைக்கத் திட்டம்" என்ற கதைக்குள் அபிடால் பொருந்தவே மாட்டார். அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கொடிக்காரர் எழுதியது:

நான் பல ஆண்டுகள் கீழ்நிலை லீக்குகளில் விசிலும் கொடியும் பிடித்தவன். இங்கே எழுதுவதே அபூர்வம். இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு மோதல் நடக்கும்போது நடுவருக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்கிறேன். உங்களுக்கு மேலிருந்து எடுக்கும் கேமரா, எங்களுக்கு இரண்டு முதுகுகளுக்கு நடுவில் தெரியும் ஒரு பூட்ஸ். பந்தைத் தொட்டாரா, காலைத் தொட்டாரா என்பது பாதி கண்ணில், பாதி காதில். பந்து உதைபடும் ஓசை வேறு, கணுக்காலில் ஸ்டட் படும் ஓசை வேறு. கூட்டம் இருந்தால் அந்த ஓசை கேட்கவே கேட்காது. அந்த இடத்தை மேடையின் "ஓ..." நிரப்பிவிடும். விசில் உதட்டுக்குப் போகும் முன்பே அந்த "ஓ" காதுக்கு வந்துவிடும். கண் சரியாகப் பார்க்காத பாதியை மூளை எதைக் கொண்டு நிரப்பும்? கையில் இருப்பதைக் கொண்டுதான். நான் சத்தத்துக்குப் பயப்படுகிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. சத்தம் ஒரு சாட்சியாக உள்ளே நுழைந்துவிடுகிறது.

இதே மாதிரி உயரம். பெரிய உடம்புக்காரரும் சின்ன உடம்புக்காரரும் மோதினால், விழுந்தது சின்னவர் என்றால், பெரியவர்தான் தள்ளியிருப்பார் என்று கை தானாக உயரும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபவுல்களை எடுத்து இதைக் காட்டிய ஆய்வும் இருக்கிறது. உயரமான டிஃபெண்டர்கள் இதைப் பற்றிப் புலம்புவது சும்மா இல்லை.

பயம் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் லீக்கில் கிளப்புகள் ஆட்டம் முடிந்ததும் நடுவருக்கு மதிப்பெண் போடும். ஒரு கிளப் என் மேல் தொடர்ந்து குறைவாகப் போட்டது. அவர்கள் கேப்டனை நான் வெளியேற்றியது காரணம், அது சரியான சிவப்பு அட்டைதான், இன்றைக்கும் அதையேதான் கொடுப்பேன். அடுத்த சீசனில் அவர்கள் ஆட்டத்துக்கு என்னை அனுப்பவில்லை. பெரிய ஆட்டங்களுக்கும் அனுப்பவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பட்டியலில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைய நடுவர் என்ன பாடம் கற்றுக்கொள்வார்? மேலே எல்லைக்கோடு நியமனத்தைப் பற்றி எழுதியதை நான் நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன்.

மலர்விழி_10 எழுதியது:

கொடிக்காரர் ஐயாவுக்கு நன்றி. டிவியில் கேட்காத விஷயங்கள் இவை.

ஒரு கேள்வி. நடுவர் எந்த அணியின் ரசிகர் என்பது முக்கியமா? 2024 ஏப்ரலில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எவர்டனிடம் 2-0 என்று தோற்றது. மூன்று பெனால்டி கோரிக்கைகள் மறுக்கப்பட்டன. ஆட்டம் முடிந்ததும் கிளப்பின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே, வி.ஏ.ஆர் அறையில் (வீடியோ பார்த்து மைதான நடுவரைத் திருத்தும் அறை) இருந்த ஸ்டுவர்ட் ஆட்வெல் லூட்டன் ரசிகர், இதை முன்பே எச்சரித்தோம் என்று எழுதினார்கள். லூட்டன் அப்போது கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பிக்கும் போட்டியில் ஃபாரஸ்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அணி. கிளப்புக்கு 7,50,000 பவுண்டு அபராதம் போட்டார்கள்.

அபராதம் சரிதான் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கேள்வி தப்பா? இங்கிலாந்து நடுவர்கள் தாங்கள் ஆதரிக்கும் கிளப்பை அறிவித்தாக வேண்டும், அந்தக் கிளப்பின் ஆட்டம் அவர்களுக்குத் தரப்படாது என்று ஒரு நடைமுறை இருக்கிறது. அந்தக் கிளப்போடு புள்ளிப்பட்டியலில் மோதும் இன்னொரு கிளப்பின் ஆட்டம் என்றால்?

எண்ணிப்பார் எழுதியது:

நல்ல கேள்வி மலர்விழி. கறாராகப் பார்த்தால் சீசன் கடைசியில் எல்லா ஆட்டமும் எல்லா கிளப்பையும் தொடும். அப்புறம் நியமிக்க ஆளே இருக்காது. ஒரு எல்லை போட்டாக வேண்டும், எங்கே போட்டாலும் யாராவது அதற்கு வெளியே நிற்பார்கள். ஆகவே எல்லை எங்கே என்பதைவிட, அது சீசனுக்கு முன்பே எழுதி வெளியிடப்பட்டிருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். ஆட்டம் முடிந்த பிறகு ஒரு நடுவரின் சிறுவயது அணியைத் தோண்டி எடுப்பது அப்போது எடுபடாது.

வடக்குமேடை எழுதியது:

கொல்லினாவை நினைத்துப் பாருங்கள். 2002 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தின் நடுவர், அவர் நேர்மையை யாரும் சந்தேகித்ததில்லை. 2005ல் ஓப்பல் கார் கம்பெனியோடு விளம்பர ஒப்பந்தம் போட்டார். அதே ஓப்பல் ஏ.சி. மிலனின் ஸ்பான்சர். இத்தாலிய சங்கம் இது ஒத்துவராது என்றது, அவர் விலகிவிட்டார். கொல்லினா மிலனுக்குச் சாதகமாக ஊதுவார் என்று யார் நம்பினார்கள்? ஒருவரும் இல்லை. ஆனாலும் விதி விதிதான். நான் கேட்பது இந்தக் கறார்த்தனத்தைத்தான். நல்லவர், கெட்டவர் என்று ஆளைப் பார்த்து விதி போடக்கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நெக்ரெய்ரா விவகாரம். ஸ்பெயின் நடுவர் குழுவின் துணைத் தலைவராக இருந்தவரின் கம்பெனிகளுக்கு பார்சிலோனா 2001 முதல் 2018 வரை 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்திருக்கிறது. 2023ல் வெளியே வந்தது. நடுவர்களைப் பற்றிய தொழில்நுட்ப அறிக்கைகளுக்கான கட்டணம் என்கிறது கிளப். எந்த ஆட்டமாவது வாங்கப்பட்டது என்று நிரூபணமாகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர்களின் பதவி உயர்வு பேசப்படும் குழுவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கிளப்பிடம் பணம் வாங்கலாமா? ஒரு ஆட்டம்கூட வாங்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தப்பு, பெரிய தப்பு.

எல்லைக்கோடு எழுதியது:

முழுக்க உடன்படுகிறேன். இது நான் சொல்ல வருவதற்குப் பக்கபலம்தான்.

மலர்விழி_10 எழுதியது:

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கறுப்பின வீரர்களுக்கு அட்டை சீக்கிரம் வருகிறது என்று பல வருடங்களாகச் சொல்கிறார்கள். இதற்கு ஏதாவது தரவு இருக்கிறதா?

எண்ணிப்பார் எழுதியது:

இருக்கிறது, இந்த இழையில் மிகக் கவனமாகச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

2018ல் சில்பர்சானும் சகாக்களும் ஒரு விசித்திரமான வேலை செய்தார்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் முதல்நிலை லீக் வீரர்களின் சிவப்பு அட்டைத் தரவை 29 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே தரவு, ஒரே கேள்வி: கருமையான தோல் உள்ள வீரருக்குச் சிவப்பு அட்டை கிடைக்கும் வாய்ப்பு அதிகமா? 20 குழுக்கள் ஆம், தெளிவாக அதிகம் என்றன. 9 குழுக்களுக்கு உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. எந்தக் குழுவும் ஏமாற்றவில்லை. வீரரின் ஆடும் இடம், லீக், நடுவர் என்று எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு.

இதை வைத்து "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்பவர்களை நான் ஏற்க மாட்டேன். பெரும்பான்மை ஒரு பக்கம்தான் சாய்கிறது. அதே சமயம் ஒரு குறிப்பிட்ட நடுவர், ஒரு குறிப்பிட்ட மாலையில், ஒரு குறிப்பிட்ட அட்டையை நிறத்தைப் பார்த்துக் காட்டினார் என்று இந்தத் தரவிலிருந்து யாரும் சொல்லக்கூடாது. மொத்தத்தில் தெரியும் சாய்வை ஒரு ஆள் மேல் ஏற்றுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு.

நள்ளிரவு_ரசிகன் எழுதியது:

எல்லாம் சரி, இப்போதுதான் வி.ஏ.ஆர் வந்துவிட்டதே. அந்த அறையில் கூட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. அப்புறம் ஏன் அதே கூச்சல்?

கொடிக்காரர் எழுதியது:

ஏனென்றால் அந்த அறையிலும் மனிதர்தான் இருக்கிறார், தம்பி.

2022 ஆகஸ்ட், செல்சி - டோட்டன்ஹாம். கடைசி நிமிடங்கள். கார்னருக்கு முன்னால் டோட்டன்ஹாமின் ரொமேரோ, செல்சியின் குக்குரெல்லாவின் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். நன்றாகத் தெரிகிறது. வி.ஏ.ஆரில் மைக் டீன். மைதானத்தில் ஆன்டனி டெய்லர். டீன் அவரைத் திரைக்கு அனுப்பவில்லை. அடுத்த கார்னரில் டோட்டன்ஹாமின் ஹாரி கேன் தலையால் முட்டி 2-2. ஓய்வு பெற்ற பிறகு, அடுத்த ஆண்டு, டீனே இதைப் பற்றிப் பேசினார். டெய்லருக்கு அன்று ஏற்கனவே போதுமான தலைவலி, இரண்டு பயிற்சியாளர்களும் அடித்துக்கொள்ளாத குறை, அவர் தன் நண்பரும்கூட, மேலும் சிக்கலில் தள்ள மனம் வரவில்லை என்ற பொருளில் சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. எந்த அணிக்கும் சாயவில்லை அவர். சக நடுவர் பக்கம் சாய்ந்தார். அதன் விலையைக் கொடுத்தது செல்சி. நடுவர்கள் ஒரு சின்னக் கூட்டம். சேர்ந்து பயிற்சி, சேர்ந்து பயணம், ஊரெல்லாம் திட்டும்போது ஒருவருக்கு ஒருவர்தான் துணை. இந்த வாரம் நான் உன்னைத் திருத்துகிறேன், அடுத்த வாரம் நீ என்னைத் திருத்துவாய். இந்த ஏற்பாட்டில் இளக்கம் வராமல் இருக்காது. வி.ஏ.ஆர் அறைக்குத் தனி ஆட்கள் வேண்டும், மைதானத்தில் ஊதாதவர்கள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணிப்பார் எழுதியது:

மெதுவாக ஓட்டிப் பார்ப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஐரோப்பாவின் மேல்நிலை நடுவர்களை வைத்து ஸ்பிட்சும் குழுவினரும் 2018ல் வெளியிட்டது: மெதுவாக ஓட்டினால் ஃபவுலா இல்லையா என்பதில் துல்லியம் கூடவில்லை. ஆனால் தண்டனை கடுமையாகிவிடுகிறது. மஞ்சள் போதும் என்ற இடத்தில் சிவப்பு. கால் மெதுவாகப் போய்ப் படும்போது வேண்டுமென்றே செய்ததுபோலத் தெரிகிறது.

தொடர்பு பிசகுவது வேறு. 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹாம் - லிவர்பூல். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோலுக்கு மைதானத்தில் ஆஃப்சைடு கொடி. அறையில் இருந்தவர், மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, பரிசோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார். சில நொடிகளில் தவறு தெரிந்தது, அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. கடைசியில் மட்டிப்பின் சேம்சைடு கோலில் லிவர்பூல் தோற்றது. அந்த ஒலிப்பதிவை வெளியிட்டார்கள், நான் முழுக்கக் கேட்டேன். அதில் சதி இல்லை. பதறிப்போன மனிதர்களின் குரல் இருக்கிறது. வெளியிடாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் நூறு கதை ஓடிக்கொண்டிருக்கும்.

வடக்குமேடை எழுதியது:

அப்படியென்றால் எல்லா ஆட்டத்துக்கும் வெளியிட வேண்டியதுதானே? அவர்களுக்கு வசதியான ஆட்டத்துக்கு மட்டும் ஏன்?

துருக்கியைப் பாருங்கள். நம்பிக்கை அடியோடு போனால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் உதாரணம். 2023 டிசம்பரில் அங்காராகுஜு கிளப் தலைவரே மைதானத்துக்குள் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரைக் குத்திக் கீழே தள்ளினார். லீக்கையே நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் கலாதாசராய் - ஃபெனர்பாசே ஆட்டத்துக்கு ஸ்லோவேனியாவிலிருந்து வின்சிச்சை அழைத்து வந்து ஊதவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் துருக்கி சங்கமே சொன்னது: 571 நடுவர்களில் 371 பேருக்குப் பந்தயக் கணக்கு. இவ்வளவு காலம் கத்திய ரசிகர்களைப் பைத்தியம் என்றார்கள்.

எல்லைக்கோடு எழுதியது:

துருக்கி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். நடுவர் பந்தயம் கட்டுவது எந்த மன்னிப்புக்கும் உரியதல்ல. ஆனால் வெளிநாட்டு நடுவர் மருந்தல்ல. 2002 உலகக்கோப்பையில், தென்கொரியாவின் டேஜான் நகரில் இத்தாலி - தென்கொரியா. நடுவர் பைரன் மொரேனோ எக்குவடோர்காரர், இரண்டு நாட்டோடும் சம்பந்தம் இல்லாதவர். இத்தாலியின் டொட்டிக்கு இரண்டாவது மஞ்சள், டொம்மாசியின் கோல் மறுப்பு. மைதானம் முழுக்கத் தென்கொரிய ரசிகர்களின் சிவப்புச் சட்டை. பாஸ்போர்ட் நடுநிலையாக இருந்தது, காது மைதானத்தில்தான் இருந்தது.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு. நடுவரின் மனசுக்கு விடப்பட்ட இடங்களைக் குறைப்பது. ஆஃப்சைடை இப்போது கேமராக்கள் தானாக அளக்கும் இடங்களில், கோட்டைப் பற்றி முணுமுணுப்பார்களே தவிர அணிச் சாய்வு என்ற பேச்சு குறைந்துவிட்டது. இஞ்சுரி டைமும் அப்படி ஆகலாம். 2022 கத்தார் உலகக்கோப்பையில் ஃபிஃபா நடுவர் குழுத் தலைவராக இருந்த அதே கொல்லினா, வீணான நேரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்றார். இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தின் முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடம் வந்தது. எல்லோரும் அதிர்ச்சியானார்கள். ஆனால் அந்த 14 நிமிடம் யார் முந்தியிருக்கிறார்கள் என்று பார்த்து வந்ததல்ல. ஈரான் கோல்கீப்பர் அடிபட்டுக் கிடந்த நேரம் அது. ஸ்பெயினில் கரிகானோ கண்டுபிடித்த வளைவுக்கு இங்கே இடமே இல்லை. கடிகாரத்தை நடுவர் கையிலிருந்து முழுசாக எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஃபவுலும் அட்டையும் அப்படி ஆகாது. அங்கே மனசு இருந்தே தீரும். அங்கேதான் நியமனம், ஒலிப்பதிவு, தனி வி.ஏ.ஆர் ஆட்கள் எல்லாம்.

மலர்விழி_10 எழுதியது:

கொடிக்காரர் ஐயா, ஆட்டம் நடக்கும்போதே நடுவரின் மைக்கை நேரடியாக ஒலிபரப்பினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? 2023 பெண்கள் உலகக்கோப்பையில் வி.ஏ.ஆர் முடிவை நடுவரே மைக்கில் அறிவித்தார்கள். நான் கேட்பது அதைவிட அதிகம். முழு ஆட்டமும்.

இன்னொரு பக்கமும் மனதில் இருக்கிறது. ஸ்வீடன் நடுவர் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க் 2005ல் கொலை மிரட்டல் வந்து நடுவர் வேலையையே விட்டார். பார்சிலோனா - செல்சி ஆட்டத்தில் செல்சியின் ட்ரோக்பாவை வெளியேற்றியதற்குப் பிறகு. அவர் குடும்பம் வரைக்கும் போனார்கள். "விலை போயிட்டான்" என்று சாதாரணமாக எழுதுகிறோமே, அது போய்ச் சேரும் இடம் அதுதான். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் நடுவர்களுக்கு இன்னும் ஆபத்தாகிவிடுமா என்று பயமாகவும் இருக்கிறது.

கொடிக்காரர் எழுதியது:

ஒப்புக்கொள்வேன் அம்மா. ஃப்ரிஸ்குக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடாது. ஆனால் அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது? இடைவேளையில் பார்சிலோனா பயிற்சியாளர் ரைகார்ட் நடுவர் அறைக்குப் போனார் என்று செல்சி பயிற்சியாளர் மொரின்யோ குற்றம் சாட்டினார். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன என்று யாருக்கும் தெரியாததால்தான் அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு தூரம் எரிந்தது. அந்த அறையில் ஒரு மைக் திறந்திருந்தால் அன்று இரவே முடிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மைக் திறந்தால் நடுவர் பேசுவது மட்டும் கேட்காது, நடுவரிடம் பேசுவதும் கேட்கும். ஒவ்வொரு விசிலுக்கும் ஆறு பேர் சுற்றி நின்று என்ன சொல்கிறார்கள், கேப்டன் காதோரம் வந்து "அடுத்தது எங்களுக்கு" என்று எப்படிக் கேட்கிறார், பெஞ்சிலிருந்து நான்காவது நடுவர் மேல் என்ன வந்து விழுகிறது, எல்லாம். கூட்டத்தின் சத்தத்தைப் பற்றி நாம் இவ்வளவு பேசினோம், இந்தச் சத்தத்தை யாரும் அளந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே முழு ஒலிபரப்புக்கு முதல் எதிர்ப்பு நடுவர்களிடமிருந்து வராது என்பது என் எண்ணம். கிளப்புகளிடமிருந்து வரும்.